ஊசி போட்ட பிறகு இருபது நிமிடம்

கல்லீரலில் கட்டி என்று எழுதிய அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டோடு எங்கள் ஸ்கேன் மையத்துக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவர்கள் சரியாகத் தூங்கி நாளாகிறது என்று. வயிற்று உப்புசத்துக்காகவோ, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கவோ, வேலைக்குச் சேரும் முன் கேட்ட முழு உடல் பரிசோதனைக்காகவோ போயிருப்பார்கள். தேடிப் போனது ஒன்று, கண்ணில் பட்டது வேறொன்று. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்துகொள்ளவும்’ என்று இருக்கும். அந்த வரியைப் படித்த நாளுக்கும் எங்கள் வாசலுக்கு வந்து சேரும் நாளுக்கும் நடுவே சொந்தபந்தங்கள் ஆளுக்கொரு கதை சொல்லி முடித்திருப்பார்கள்.

திருநெல்வேலியில் ரேடியாலஜிஸ்டாக இருக்கும் நான் அவர்களிடம் முதலில் சொல்வது இதுதான். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இல்லாத, கல்லீரல் சுருக்க நோய் இல்லாத, உடலின் வேறெந்த இடத்திலும் புற்றுநோய் வந்திராத ஒருவரின் கல்லீரலில் தற்செயலாகத் தென்படும் கட்டி பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்கும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. மருத்துவம் அறிந்த உண்மை அது. ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியது அவருடைய கட்டி எது என்பது. அதை ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே பல நேரங்களில் சொல்லிவிடும் வல்லமை எம்.ஆர்.ஐ.க்கு இருக்கிறது. எப்படி எடுத்தால் அது பேசும், எப்படி எடுத்தால் ஊமையாகிவிடும் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அல்ட்ராசவுண்டை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டியைக் கண்டுபிடித்ததே அதுதான். கல்லீரலில் மிக அதிகமாகக் காணப்படும் தீங்கற்ற கட்டியான ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தநாளங்கள் முடிச்சாகத் திரண்ட கட்டி, அல்ட்ராசவுண்டில் பொதுவாக ஓரம் தெளிவான வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆனால் அந்த வெள்ளை, சுற்றியுள்ள கல்லீரலோடு ஒப்பிட்டுச் சொல்லும் வெள்ளை. கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே வெளுத்துப் போயிருந்தால், அதே ஹீமாஞ்சியோமா கருப்பாகத் தெரியும். கொழுப்புக் கல்லீரல் இன்று நம் ஊர்களில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட கல்லீரலில் ஒரு கருந்திட்டைப் பார்க்கும் டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பது முறையான செயல். சி.டி. ஸ்கேனும் உதவும். ஆனால் கட்டியின் அடையாளத்தைத் தேட பல கட்டங்களில் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு. முப்பது வயதுப் பெண்ணுக்கு அதைச் செய்ய எனக்குக் கை வராது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தப்புலமும் ரேடியோ அலையும் மட்டுமே. உடம்பில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் திருப்பி அனுப்பும் சைகையே படமாகிறது.

ஸ்கேனுக்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பாதி ரிப்போர்ட்டின் தரம் அங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாலு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறோம். வந்தவுடன் உலோகப் பொருட்களைக் கழற்றும் படலம். அந்தக் காந்தம் ‘ஆன்’ செய்தால் மட்டும் இழுக்கும் காந்தம் இல்லை. திரவ ஹீலியத்தில், கழித்தல் 269 டிகிரி செல்சியஸில், மின்தடையே இல்லாமல் மின்சாரம் சுற்றிக்கொண்டிருக்கும் சுருள் அது. இரவு நாங்கள் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிய பிறகும் 1.5 டெஸ்லா காந்தப்புலம் அப்படியே இருக்கும். நகையை எல்லோரும் நினைவாகக் கழற்றிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் மறப்பது ஊக்கு. தாலிச் சங்கிலியிலும் வளையலிலும் அவசரத்துக்கு உதவுமே என்று நாலைந்து ஊக்குகள் தொங்கும். சேலை மடிப்பில் ஒன்று, தோளில் ஒன்று. எல்லாம் இரும்பு. தங்கம் காந்தத்தில் ஒட்டாது, ஊக்கு பறக்கும். ஆண்களிடம் இடுப்பைத் தடவிப் பார்க்கச் சொல்வோம். வெள்ளி அரைஞாணும் அதில் கோத்த தாயத்தும் சரியாக வயிற்றுப் பகுதியில் கிடந்து, படத்தில் கல்லீரலின் கீழ்ப்பாதியைக் கோணலாக்கிவிடும். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை, தாராளமாக வரலாம். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தநாளத்தில் போட்ட கிளிப், கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் ஆகியவற்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெல்டிங் பட்டறையில் வேலை செய்தவர்களிடம் நான் நேரிலேயே கேட்பேன்.

அதன் பிறகு மூச்சு. கல்லீரல் உதரவிதானத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் நகரும். அதனால் முக்கியமான படங்கள் எல்லாம் மூச்சை நிறுத்தி வைத்திருக்கும் பதினைந்து, இருபது நொடிகளுக்குள் எடுக்கப்படுகின்றன. மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துவதைவிட வெளியே விட்டு நிறுத்தினால் கல்லீரல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வரும். எங்கள் மையத்தில் இருக்கும் டெக்னீசியன் தம்பி இதை ஸ்கேன் அறைக்குள் சொல்வதில்லை. வெளியே வராந்தாவில் நோயாளியை உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்து, “இழுங்கள்… விடுங்கள்… அப்படியே நிறுத்துங்கள்” என்று கூடவே மூச்சை நிறுத்தி ஒத்திகை பார்ப்பான். எழுபது வயதுப் பெரியவருக்கு இருபது நொடி முடியாது என்றால் பன்னிரண்டு நொடியில் முடிகிற மாதிரி அளவுகளை மாற்றிக்கொள்வான். அவன் செய்யும் இந்த வேலையின் பலன் என் திரையில் அப்படியே தெரிகிறது. மூச்சு அசைந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டி கலங்கிக் கரைந்துவிடும். அதற்கு மேல் எத்தனை விலை உயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை.

படத்தில் வித்தியாசத்தை எடுத்துக்காட்ட ரத்தத்தில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. நிறையச் சொல்லிவிடும். டி2 என்று நாங்கள் அழைக்கும் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். வெறும் நீர்க்கட்டி என்றால் மிகத் தூய வெள்ளை. ஹீமாஞ்சியோமாவும் ஏறக்குறைய அதே வெள்ளைதான். தேங்கிய ரத்தம் மெதுவாக ஊறிக்கொண்டிருக்கும் இடம் அது. உடம்பு திருப்பி அனுப்பும் சைகைக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மற்ற திடமான கட்டிகள் ஒவ்வொன்றாக மங்கும், ஹீமாஞ்சியோமா மங்காது. எனக்கு மிகவும் பிடித்த படம் அது. ஊசி போடாமலேயே எனக்குள் ஒரு நிம்மதி வந்துவிடும். ஆனால் அந்த நிம்மதியை ரிப்போர்ட்டாக எழுத நான் ஊசிக்குப் பிறகு வரும் படங்களைப் பார்த்தாக வேண்டும்.

ஊசிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று புரிய கல்லீரலின் ரத்த ஓட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியே வருகிறது. மீதி கால் பங்குதான் தமனி வழியே. கல்லீரலில் முளைக்கும் கட்டிகளில் பல இதற்கு நேர்மாறாகத் தமனி ரத்தத்தில் வாழ்பவை. எனவே கைச் சிரையில் போட்ட வென்ஃப்ளான் குழாய் வழியே கான்ட்ராஸ்ட் மருந்தான கெடோலினியத்தைச் செலுத்தியதும், அது தமனிக்கு வந்து சேரும் முதல் அரை நிமிடத்துச் சொச்சத்தில் ஒரு படம், போர்ட்டல் சிரைக்கு வந்த பிறகு ஒரு நிமிடம் தாண்டி ஒரு படம், பிறகு மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் இன்னொரு படம். கட்டியின் உருவத்தைவிட இந்த நிமிடங்களில் அது நடந்துகொள்ளும் விதமே அதன் அடையாளம். உருண்டையாக, ஓரம் வழவழப்பாக இருக்கும் கெட்ட கட்டிகளும் உண்டு. கோணல்மாணலாக இருக்கும் சாதுக்களும் உண்டு.

ஹீமாஞ்சியோமாவின் நடத்தையைப் பார்த்தால் மறக்க முடியாது. தாமிரபரணிப் பாசனத்தில் மடையைத் திறந்ததும் காய்ந்த வயலின் வரப்போரங்களில் முதலில் திட்டுத்திட்டாக நீர் நின்று, பிறகு மெல்ல மெல்ல நடுவை நோக்கிப் பரவுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே மாதிரி. தமனிப் படத்தில் கட்டியின் ஓரத்தில் மட்டும் தொடர்பில்லாத சின்னச் சின்ன வெள்ளை முடிச்சுகள். அந்த வெள்ளை பெருந்தமனியில் ஓடும் ரத்தத்தின் வெள்ளைக்குச் சமமாக இருக்கும். அடுத்த படத்தில் முடிச்சுகள் பெருத்து ஒன்றோடொன்று சேரும். ஐந்து நிமிடத்தில் நடுப்பகுதியும் நிறைந்திருக்கும். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய பெரிய கட்டிகளில் நடுவில் தழும்பு விழுந்து கொஞ்சம் நிறையாமல் நிற்கும், அதுவும் இயல்பே. இந்த வரிசையைப் பார்த்துவிட்டால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி தேவையில்லை, மாத்திரை தேவையில்லை. ஹீமாஞ்சியோமா புற்றுநோயாக மாறுவதில்லை. மிகப் பெரிதாகி வலி கொடுத்தால் தவிர அறுவை சிகிச்சையும் வேண்டாம்.

போன வருடம் வந்த ஒரு பஸ் கண்டக்டரிடம் இந்தப் படங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினேன். “அப்படியானால் இது பிறந்ததிலிருந்தே இருந்திருக்குமா, அம்மா?” என்று கேட்டார். இருந்திருக்கலாம் என்றேன். அதுவரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர், முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். படத்தை நோயாளிக்குக் காட்டுவது எங்கள் வேலையில் சேராது என்று நினைக்கும் ரேடியாலஜிஸ்டுகள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தன் வயிற்றுக்குள் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்தவர் அடுத்த மாதம் இன்னொரு ஊரில் இன்னொரு ஸ்கேனுக்கு ஓடமாட்டார்.

இனி உண்மையிலேயே கடினமான இடத்துக்கு வருகிறேன். ஹீமாஞ்சியோமாவுக்கு அடுத்து அதிகம் காணப்படுவது எஃப்.என்.ஹெச்., அதாவது கல்லீரல் செல்கள் ஓர் இடத்தில் முடிச்சாகப் பெருகிய நிலை. பிறவியிலேயே தடித்துவிட்ட ஒரு தமனி நடுவில் இருந்துகொண்டு அதிகமாக ரத்தத்தைக் கொட்ட, சுற்றியுள்ள செல்கள் அதற்கு ஏற்பப் பெருகிவிடுகின்றன. அதற்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. மூன்றாவது, கல்லீரல் அடினோமா. அரிதானது. இதுவும் தீங்கற்ற வகையில்தான் சேரும். ஆனால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் உள்ளே வெடித்து ரத்தம் கசியலாம், சில வகைகள் புற்றுநோயாக மாறலாம். இரண்டுமே இளம், நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம். இரண்டுமே தமனிப் படத்தில் பளிச்சென்று வெளுக்கும். இரண்டுமே ஒரு நிமிடம் தாண்டியதும் சுற்றியுள்ள கல்லீரலோடு கலந்து மறையப் பார்க்கும். ஒன்றைப் பார்த்து ‘போய் வாருங்கள், மறந்துவிடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். மற்றொன்றைப் பார்த்து கருத்தடை மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டும், சில நேரம் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஒருவருக்குத் தேவையில்லாமல் வயிறு கிழிபடும், அல்லது இன்னொருவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும்.

அடினோமாவுக்கும் கருத்தடை மாத்திரைக்கும் உள்ள தொடர்பை 1973-இல் ஜேனட் பாமும் உடன் பணியாற்றியவர்களும் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அதே 1973-இல்தான் பால் லாட்டர்பர், கனநீரில் வைத்த இரண்டு மெல்லிய நீர்க்குழாய்களின் காந்த அதிர்வுப் படத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். எம்.ஆர்.ஐ.யின் தொடக்கம் அந்தப் படம். 2003-இல் அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நோயின் காரணமும் அந்த நோயைக் கண்டுபிடிக்கப் போகும் கருவியும் ஒரே வருடத்தில் காகிதத்தில் ஏறியிருக்கின்றன. தங்களுக்குள் தொடர்பு வரும் என்று அந்த இரண்டு தரப்புக்கும் அன்று தெரிந்திருக்க வழியில்லை.

இந்த இரண்டு கட்டிகளையும் பிரித்துக் காட்டும் தனி மருந்து ஒன்று உண்டு: கெடாக்ஸெடேட். ‘பிரிமோவிஸ்ட்’ என்ற பெயரில் கிடைக்கிறது. சாதாரண கெடோலினியம் மருந்து ரத்தத்தில் சுற்றிவிட்டுச் சிறுநீரகம் வழியே வெளியேறும். கெடாக்ஸெடேட்டில் ஏறக்குறைய பாதியை ஆரோக்கியமான கல்லீரல் செல்கள் தம் சுவரில் உள்ள கடத்திப் புரதங்கள் மூலம் உள்ளே இழுத்துக்கொண்டு பித்தத்தில் விடுகின்றன. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஆறு மில்லி போதும். தமனிப் படம், சிரைப் படம் எல்லாம் எடுத்து முடித்த பிறகு நோயாளியை மேசையிலேயே படுக்க வைத்திருப்போம். இருபதாவது நிமிடத்தில் மறுபடியும் ஒரு படம். இப்போது கல்லீரல் முழுவதும் வெளுத்திருக்கும். பித்தநாளங்களில் மருந்து வடிந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். எஃப்.என்.ஹெச். கட்டியில் இருப்பவை வேலை செய்யும் கல்லீரல் செல்கள். அவையும் மருந்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் அவற்றின் பித்தம் ஒழுங்காக வடிய வழியில்லாததால் மருந்து உள்ளேயே தங்கிவிடும். எனவே கட்டி கல்லீரலுக்குச் சமமாக, சில நேரம் அதைவிட வெள்ளையாக நிற்கும். நடுவில் இருக்கும் தழும்பு மட்டும் கருப்பு. அடினோமாவில் அந்தக் கடத்திப் புரதம் குறைந்துபோயிருக்கும். பெரும்பாலான அடினோமாக்கள் வெள்ளைக் கல்லீரலுக்கு நடுவே கருங்குழியாகத் தெரியும்.

அந்த இருபது நிமிடம்தான் பதில். நோயாளிக்கு அது நீளமாகத் தெரியும் என்பதால் இடையிடையே உள்ளே பேசும் மைக்கில் எவ்வளவு ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே இருப்போம். நாங்களும் அந்த நேரத்தை வீணாக்குவதில்லை. டி2 படங்களையும் நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படங்களையும் அந்த இடைவெளியில் எடுத்துவிடுவோம்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். தென்காசிப் பக்கம், இருபதுகளின் கடைசி, வீட்டிலிருந்தே கணினி வேலை. மாதவிடாய் ஒழுங்காக வருவதற்காகப் பல வருடங்களாக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறாள். கருத்தடைக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். ஆனால் நம் ஊரில் பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பை நீர்க்கட்டி, என்று சொல்லிக் கொடுக்கப்படுவதால், ‘கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் கல்யாணமாகாத பெண்கள் இல்லை என்றே பதில் சொல்வார்கள். அம்மா பக்கத்தில் நின்றால் இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. “பீரியட்ஸ் ஒழுங்காக வர மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா, அம்மா?” என்று கேட்பேன். அவளும் உடனே பையைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினாள்.

கல்லீரலின் வலது பக்கத்தில் நாலு சென்டிமீட்டர் அளவில் கட்டி. ஊசிக்கு முன்பே விடை பாதி கிடைத்துவிட்டது. நீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் மிகச் சிறிய வித்தியாசத்தில் வேறு வேறு வேகத்தில் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா கருவியில் அவை 4.6 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்; அதன் பாதியில், 2.3 மில்லி நொடியில், எதிரெதிராக நின்று ஒன்றின் சைகையை ஒன்று அழித்துவிடும். இரண்டு தருணங்களிலும் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத அளவில் கொழுப்பு கலந்திருக்கும் இடம் ஒரு படத்தில் சாம்பல் நிறமாகவும் மற்றதில் கருப்பாகவும் இருக்கும். அவளுடைய கட்டி முழுவதும், ஒரு மூலை விடாமல், ஒரே சீராகக் கருத்தது. ஹெச்.என்.எஃப்.1ஏ என்ற மரபணு செயலிழந்த அடினோமா அப்படித்தான் நடந்துகொள்ளும். இருபதாவது நிமிடப் படத்திலும் அது கருப்பாகவே நின்றது.

அவள் உடை மாற்றப் போயிருந்தபோது அம்மா என் அறைக்கு வந்தார். “ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டியிருக்குமா, டாக்டர்? வரன் ஒன்று வந்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?” என்று கேட்டார். மகள் வந்து உட்காரட்டும் என்றேன். அவள் வந்ததும் அவளைப் பார்த்தே சொன்னேன்: இது அடினோமா, அதிலும் ரத்தம் கசியவும் புற்றாக மாறவும் வாய்ப்புக் குறைந்த வகை, ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிறது, சதை எடுக்கத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கல்லீரல் மருத்துவர் முடிவு செய்வார், மாத்திரையை மாற்றுவதைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே பேச வேண்டும். 2016-இல் ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பெண்களுக்கு மாத்திரையை நிறுத்தி, எடையைக் குறைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், கட்டி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் அல்லது வளர்ந்துகொண்டிருந்தால்தான் அறுவை சிகிச்சை. ஆண்களுக்கு அடினோமா என்றால் அளவைப் பார்க்காமல் எடுத்துவிடச் சொல்கிறது, ஏனென்றால் அவர்களிடம் அது புற்றாக மாறும் அபாயம் அதிகம். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த அனபாலிக் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுக்கொள்ளும் பையன்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த மருந்துக்கும் அடினோமாவுக்கும் உள்ள தொடர்பு நன்றாகத் தெரிந்த ஒன்று.

ஆறு மாதம் கழித்து அவள் வந்தாள். கட்டி சுருங்கியிருந்தது.

எல்லா அடினோமாவும் இப்படிக் கைகூப்பி அடையாளம் சொல்லாது. அழற்சி வகை அடினோமா டி2 படத்தில் வெளுத்து, குறிப்பாக விளிம்பில் ஒரு வெள்ளை வளையம் காட்டும். உடல் பருமன் உள்ளவர்களிடம் அதிகம். பீட்டா கெட்டனின் என்ற மரபணு மாறிய வகைதான் என்னைப் பயமுறுத்துவது. புற்றாக மாறும் அபாயம் உள்ளது அதுவே. அளவு எதுவானாலும் எடுக்கச் சொல்கிறார்கள். அந்த வகையில் சில, கெடாக்ஸெடேட்டை இழுத்துக்கொண்டு இருபதாவது நிமிடத்தில் எஃப்.என்.ஹெச். போலவே வெள்ளையாக நிற்கும். எனவே அந்த ஒரு படத்தை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. நடுத்தழும்பு இருக்கிறதா, தழும்பு டி2 படத்தில் வெள்ளையா, மற்ற படங்களில் கட்டி முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தழும்பு டி2-வில் கருப்பாக இருந்து, உள்ளே சுண்ணாம்பும் படிந்திருந்தால், இளைஞர்களுக்கு வரும் ஃபைப்ரோலாமெல்லர் என்ற புற்றுநோயை நினைக்க வேண்டும். சந்தேகம் தீராத இடத்தில் பயாப்சி வேண்டும் என்று நானே எழுதுவேன். எம்.ஆர்.ஐ. மீது எனக்குள்ள மதிப்பு அதை மறைக்கும் அளவுக்குக் கண்மூடித்தனமானது இல்லை.

கெடாக்ஸெடேட் எல்லோருக்கும் ஏற்றதும் அன்று. ஹீமாஞ்சியோமா என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் நான் சாதாரண மருந்தையே கேட்பேன். கெடாக்ஸெடேட் போட்டால் மூன்றாவது நிமிடத்திலேயே கல்லீரல் வெளுக்கத் தொடங்கிவிடும். அதற்கு எதிரே ஹீமாஞ்சியோமா கருத்துப் போனதாகத் தோன்றும். புற்றுநோய்க் கட்டி மருந்தை வெளியேற்றிக் கருப்பதும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். அனுபவம் குறைந்த கண் பதறிவிடும். இன்னொன்று, அந்த மருந்து சிலருக்குத் தமனிப் படம் எடுக்கும் சரியான நொடியில் மூச்சைத் திணறடித்து அசைய வைத்துவிடும். சில நொடிதான், தானாகச் சரியாகிவிடும். ஆனால் அந்தப் படம் போனது போனதுதான்.

கெடோலினியம் உடம்புக்கு ஆகாது என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு: சிறுநீரகம் மிகவும் பழுதான நிலையில் பழைய வகை கெடோலினியம் மருந்துகளால் தோலும் உறுப்புகளும் இறுகிப்போகும் நோய் வந்தது 2006-இல் தெரியவந்தது. அதனால்தான் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முடிவு இல்லாமல் நாங்கள் ஊசி போடுவதில்லை. 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை பழைய வகை மருந்துகள் பலவற்றை நிறுத்தி வைத்தது. அப்போதும் கல்லீரல் படத்துக்காக கெடாக்ஸெடேட்டை அனுமதித்தது, ஏனெனில் அது கொடுக்கும் விடையை வேறு மருந்து எளிதில் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போட மாட்டோம். குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கல்லீரலில் ஏற்கெனவே சுருக்க நோயோ, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ இருப்பவர்களுக்கு நான் மேலே எழுதிய எதுவும் அப்படியே பொருந்தாது. அங்கே தமனிப் படத்தில் வெளுக்கும் கட்டியை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியும் இருந்தால் கட்டிக்கு முன் சீழ்க்கட்டியை நினைக்க வேண்டும். நம் பக்கம் அமீபா சீழ்க்கட்டி இன்னும் போய்விடவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்றுதான். செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, ஊசி போடாமல் ‘ப்ளெயின்’ எம்.ஆர்.ஐ. எடுத்து அனுப்பும் வழக்கம். ஒரு வெளியூர் மையத்திலிருந்து அப்படி ஒரு ஃபிலிமைக் கொண்டுவந்த தம்பதி, ஆட்டை விற்றுப் பணம் கட்டியிருந்தார்கள். ரிப்போர்ட்டில் ‘கட்டி இருக்கிறது, கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. எடுக்கவும்’ என்று இருந்தது. அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்த விஷயத்துக்கு அவர்கள் இரண்டாவது முறை பணம் கட்டியிருக்கிறார்கள். மூன்றாவது முறை எங்களிடம் கட்ட வேண்டும். நீர்க்கட்டியையோ கொழுப்புத் திட்டையோ ஊசியில்லாமல் சொல்லிவிடலாம். திடமான கட்டி என்று தெரிந்த பிறகு ஊசியில்லாத எம்.ஆர்.ஐ. எடுப்பது அந்த மனிதரின் பணத்தையும் தூக்கத்தையும் சேர்த்து எடுப்பதாகும். அந்தத் தம்பதிக்கு மருந்தின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தோம். எஃப்.என்.ஹெச்.

மருத்துவர்கள் எழுதும் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எம்.ஆர்.ஐ. வயிறு’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். வயது, மாத்திரை விவரம், ஹெபடைடிஸ் முடிவு, கல்லீரல் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை எவ்வளவு, முன்பு எங்காவது புற்றுநோய் இருந்ததா, அல்ட்ராசவுண்டில் எந்தப் பக்கம் எத்தனை சென்டிமீட்டர். நாலு வரி போதும். எந்த மருந்து போடுவது என்பதையே அந்த நாலு வரிகள்தான் முடிவு செய்கின்றன.

நோயாளிகள் ஸ்கேனுக்கு வரும்போது பழைய அல்ட்ராசவுண்ட், சி.டி. ரிப்போர்ட்டுகள் எத்தனை வருடப் பழசானாலும் கொண்டு வாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே அளவில் கட்டி இருந்தால் என் வேலை பாதி முடிந்துவிடும். திரும்பிப் போகும்போது ஃபிலிமோடு நிற்காமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் நாங்கள் அச்சிடுவது தேர்ந்தெடுத்த சில படங்கள் மட்டுமே. தகட்டில்தான் எல்லாக் கட்டங்களும் முழுமையாக இருக்கும். ஆறு மாதம் கழித்து நீங்கள் மதுரைக்கோ சென்னைக்கோ போனால், அங்கே இருக்கும் ரேடியாலஜிஸ்ட் முதலில் கேட்கப் போவது அந்தத் தகட்டைத்தான்.